ஆடிப்பெருக்கில் தோற்ற சென்டர்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். பிழைகளைப் பத்திரிகை ஆசிரியர் ஐயா திருத்திக்கொள்ள வேண்டும்.

காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே சென்டரைப் போலக் கால்பந்து ஆடியவரும் இல்லை, அவரைப் போலச் சாப்பாட்டால் கெட்டவரும் இல்லை. நைஜீரியாவிலிருந்து திருச்சிக்குப் படிக்க வந்தவர். பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. சென்டர் ஃபார்வேர்டு ஆடியதால் சென்டர் ஆனார். ஸ்ரீரங்கத்தில் நான் வேலை பார்த்த சைக்கிள் கடையின் மாடியில் குடியிருந்தார்.

கோல் போட்டதும் நேரே எதிரணி கோல்கீப்பரிடம் போவார். அவர் சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, "வருத்தப்படாதீங்க, அடுத்தத மெதுவா அடிக்கிறேன்" என்பார். அடுத்தது இன்னும் வேகமாக வரும். லால்குடியில் ஒரு கீப்பர், சென்டர் பந்தோடு வருவதைப் பார்த்ததுமே தானே சட்டையைத் தட்டிக்கொண்டாராம்.

ஒரு பலவீனம் உண்டு. பெரியவர்கள் கையால் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்ல மாட்டார். அவர் ஊரில் அது அவமரியாதையாம். இரண்டு கையாலும் வாங்கி, நின்ற இடத்திலேயே சாப்பிட்டு முடிப்பார்.

அந்த வருடம் திருச்சிக் கால்பந்துப் பந்தயத்தின் இறுதிப் போட்டியைப் பார்க்கக் கல்கத்தாவின் ஒரு பெரிய கிளப்பிலிருந்து ஆள் வந்திருந்தார். ஆட்டம் பிடித்தால் சென்டரைக் கையோடு அழைத்துப் போவார். வந்த நாளிலிருந்து சென்டர் காத்திருந்தது இதற்குத்தான். ஆனால் போட்டி வைத்த நாள் ஆடிப்பெருக்கு. வீட்டுக்கு வீடு சித்ரான்னம் கட்டிக்கொண்டு ஊரே ஆற்றுக்குப் போகும் நாள். மைதானத்துக்குச் சென்டர் போக வேண்டியதும் அதே வழி.

எதிர்வீட்டு மாமி புளியோதரையை நீட்டினார். "ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போப்பா."

"மாமி, மேட்ச் இருக்கு."

"இருக்கட்டுமே. நன்னா தெம்பா ஓடலாம்."

அப்புறம் எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், சர்க்கரைப் பொங்கல். எல்லாரும் வாழ்த்தித்தான் கொடுத்தார்கள். என் முதலாளி, "பாலம் தாண்டறதுக்குள்ள செரிச்சிரும்" என்று வடையும் வைத்தார். என்னிடமும் ஒரு பொட்டலம் இருந்தது. கூச்சத்தில் நீட்டவில்லை.

மைதானத்தில் சென்டர் ஓடவில்லை, அசைந்தார். பந்து வந்தால் மரியாதையாக வழி விட்டார். "பாவங்க, ஹாஸ்டல்ல சாப்பாடு சரியில்ல போல" என்றார் விவரம் தெரியாமல் பக்கத்தில் நின்றவர். கல்கத்தாக்காரர் இடைவேளையிலேயே ரிக்‌ஷா ஏறிவிட்டார்.

கூட்டம் கலைந்தபின் சென்டர் கோல் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நானும் போய் உட்கார்ந்தேன். பொட்டலம் இன்னும் என் கையிலேயே இருந்தது.

"அண்ணே, கையில என்ன?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க. தயிர்சாதம்."

"இப்பத்தான் மேட்ச் இல்லீங்களே, குடுங்க" என்று இரண்டு கையையும் நீட்டினார். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

கல்கத்தாவிலிருந்து அப்புறம் யாரும் வரவில்லை. முசிறிப் பக்கம் திருவிழாப் பந்தயங்களில் கொஞ்ச நாள் ஆடினார். படிப்பு முடிந்து ஊருக்குப் போய்விட்டார்.

இப்போதெல்லாம் ஆடிப்பெருக்கு அன்று யாராவது பந்தோடு எங்கள் தெருவில் போனால், மாமிகூட முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். சாயங்காலம் அவர்கள் திரும்பி வரும்போதுதான் சாப்பிடக் கூப்பிடுகிறோம்.

ஸ்ரீரங்கம், ஆடிப்பெருக்கு அன்று, கடையை அடைத்துவிட்டு எழுதியது.