அடுத்த விமானம் வரட்டும்

போர் விமானம் சத்தத்தை மிஞ்சிப் பறந்து, ஊரே அதிர வானத்தில் 'டமார்' என்று கேட்டால் நீங்கள் எந்தப் பக்கம் ஓடுவீர்கள்? காரைக்குடியில் நாங்கள் தெருவுக்கு ஓடுவோம். உலகத்திலேயே ஒரே ஒரு ஆள்தான் வீட்டுக்குள் ஓடுவார், அதுவும் அடுத்தவர் வீட்டுக்குள். ஜன்னலுக்குக் கண்ணாடி மாட்டுகிற டமார் அண்ணன்.

காலேஜ் படித்தபோது அவர் கடை மாடியில்தான் என் ரூம். ஒருநாள் சத்தம் கேட்டதும் எதிர்வீட்டுக்குள் பாய்ந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆச்சியின் இலையைத் தாண்டி, ஜன்னல் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னப்பா, ஜன்னலுக்குக் காய்ச்சலா?" என்றார் ஆச்சி.

"நடுக்கம் இன்னும் நிக்கல ஆச்சி. நீங்க சாப்புடுங்க."

நான் அண்ணாந்து பார்த்தால் திட்டுவார். "அங்குட்டு என்னத்தடா தேடுற? அது சத்தத்தவிட வேகமாப் போகுது. வெலக நேரமில்லாத காத்து அமுங்கி, அலையாத் திரண்டு வந்து செவுத்துல அறையுது. ஒனக்குக் கேக்கயில அது கல்லல் ஊரத் தாண்டிருக்கும்."

இந்த வருஷம் மானகிரி சர்ச் மண்டபத்துப் பெரிய கண்ணாடி அப்படி ஒரு அலை அறைந்ததில் விரிசல் விட்டது. மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் ரிட்டயர்டு வாத்தியார், "ப்ளைவுட் அடிச்சிருவோம்" என்றார். அண்ணனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"சுத்தி ரப்பர் குடுத்து மாட்டுறேன். அடுத்த விமானத்துக்கு இது லேசா நடுங்குனாலும் நான் தொழில விட்டுர்றேன் வாத்தியாரே."

மாட்டினார். கடையைப் பூட்டிவிட்டு, அந்தக் கண்ணாடிக்குக் கீழேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அன்றிலிருந்து வானம் ஊமையாகிவிட்டது. திருக்கோஷ்டியூர் பெருமாளிடம் போய், ஒரே ஒரு போர் விமானம் அனுப்பச் சொல்லி வேண்டிக்கொண்டார்.

"எங்க மாதாகிட்டயும் சொல்லி வைக்கவா?" என்றார் வாத்தியார்.

"சொல்லுங்க. யாரு அனுப்புனாலும் சரி."

போன வாரம் வந்தது. அண்ணன் டீ குடிக்கப் போன நேரம். கிளாஸோடு ஓடிவந்தார். கண்ணாடி முழுசாக இருந்தது.

"நடுங்குச்சா வாத்தியாரே?"

"நான் எங்கப்பா பாத்தேன்? தெருவுக்கு ஓடிட்டேன்."

"அப்ப இது சேத்தி இல்ல."

"ஒடையலையே, அது போதும்ப்பா. ப்ளைவுட் வேணாம். கடையத் தெற."

"ஒடையாதுன்னா சொன்னேன்? நடுங்காதுன்னுல்ல சொன்னேன்."

மறுபடி உட்கார்ந்துவிட்டார். வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார்.

நான் லீவு போட்டு வந்து, அவர் பக்கத்து நாற்காலியிலிருந்துதான் இதை டைப் அடிக்கிறேன். இனி டீ வாங்கப் போவது நான்தான். வானத்தில் இப்போது ஒன்றுமில்லை.