ரோசனைக்காரர் புகழ்ந்த சர்க்கார்

கோவில்பதாகை ஏரிக்கரையில் அன்று தாசில்தார் இருந்தார். அவருக்குக் குடை பிடிக்க டவாலி இருந்தான். கிராம முன்சீப் இருந்தார். கணக்குப்பிள்ளை இருந்தார். தலையாரி இருந்தான். ஏட்டு இருந்தார். ஊர் ஜனம், முப்பத்தேழு வீடும், முழுக்க இருந்தது. ஜட்கா வண்டியோடு நான் இருந்தேன். வண்டிமேல் ரோசனைக்காரர் நின்றார்.

காக்கிக் கோட்டு. கையில் தகரக் குழாய். யுத்தப் பிரசார அதிகாரி என்று சர்க்கார் கொடுத்த உத்தியோகம். அதில் அவருக்கு முதல் கூட்டம் அது.

"நம்ப சர்க்கார் மலை மாதிரி கீது! ஜப்பான்காரன் இந்தப் பக்கம் தலை வச்சிக்கூடப் படுக்க மாட்டான்! ஒருத்தரும் பயப்பட வேணாம்!"

யாரும் கை தட்டவில்லை. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பொழுது சாய்வதற்குள் ஊர் மூட்டை கட்டத் தொடங்கிவிட்டது.

காரணம் இருக்கிறது. பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரைக்கும் ரோசனைக்காரர் வாயால் புகழப்பட்டு உருப்பட்டவன் ஒருத்தன்கூடக் கிடையாது.

எலெக்ஷனுக்கு யோசனை சொல்வது அவர் தொழில். அதைத்தான் எங்கள் பக்கம் ரோசனை என்போம். அவருக்கு வேறு பெயர் இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை. குமணன்சாவடி காப்பிக் கிளப்பில் மூலைப் பெஞ்சிதான் அவர் ஆபீஸ். போக வர என் வண்டி.

அப்போது வரி கட்டுகிறவனுக்குத்தான் ஓட்டு. எழுத்து தெரியாதவனுக்காக ஆளுக்கொரு கலரில் பெட்டி வைப்பார்கள். ஒரு தடவை பச்சைப் பெட்டி மிராசுதார், சிவப்புப் பெட்டி ரைஸ் மில் முதலாளி. மிராசுதார் ரோசனைக்காரரை அமர்த்தினார். இவர் நேராக மில் முதலாளியின் கூட்டத்துக்குப் போய் மேடை ஏறினார்.

"மில் முதலாளி தருமவான்! நீங்க நெல்லு போட்டா ஒரு பிடி அரிசி கொறையுமா? தவிடாச்சும் கொறையுமா? நெஞ்சில கை வச்சிச் சொல்லுங்க!"

கூட்டத்தில் எல்லாரும் அந்த மில்லில் நெல் அரைத்தவர்கள். எல்லாருக்கும் வயிறு எரிந்தது. முதலாளிக்கு மட்டும் விளங்கவில்லை. மாலை போட்டார். ரெண்டு கையையும் பிடித்துக் கும்பிட்டார். சிவப்புப் பெட்டியைத் திறந்தபோது அடியில் தகரம் தெரிந்தது.

அடுத்த எலெக்ஷனுக்கு மில் முதலாளி முந்திக்கொண்டு இவரை அமர்த்தினார். இவர் மிராசுதாரைப் புகழக் கிளம்பினார். "வாய்க்கா தண்ணியை ஐயா எல்லாருக்கும் சமமாப் பங்கு வச்சி உடுறாரே, அதுக்கே கோயில் கட்டணும்" என்றார். வயல் காய்ந்தவர்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். மிராசுதார் தோற்றுப்போனார்.

எங்கே வலிக்கிறதோ அங்கே புகழ்வார். அவ்வளவுதான் வித்தை. ஆனால் ஜனம் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. வாய் ராசி என்றார்கள். இவர் புகழ்ந்தால் போச்சு, திட்டினால் நிற்கும். அப்படி ஒரு கணக்கு ஊரில் விழுந்துவிட்டது.

காப்பிக் கிளப்காரர் டம்ளரை வைக்கும்போதே சொல்வார். "கோச்சிக்காதே அண்ணாத்தே. நல்லா கீதுன்னு மட்டும் சொல்லிடாதே."

"கழனித் தண்ணி மாதிரி கீதுய்யா."

"நீ நல்லா இருக்கணும்."

கல்யாணத்துக்குப் பத்திரிகை வரும். சாப்பாடு தனி இலையில் வரும். கைகழுவியதும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் முன்னால் நிறுத்தித் திட்டச் சொல்வார்கள். திட்டுவார். ரெண்டு வீட்டாரும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

ஒரு நாள் என் குதிரையைப் பார்த்து "சோக்கா கீதுப்பா" என்றார். மறுநாள் அது நொண்டியது. அப்புறம் குதிரை கண்ணில் படாத பக்கமாகவே அவரை ஏற்றினேன்.

யுத்தம் வந்தது. எவனையும் ஜெயிக்க வைக்கிற ஆள் ஒருத்தர் பூந்தமல்லிப் பக்கம் இருக்கிறார் என்று யாரோ கலெக்டர் துரையிடம் சொல்லிவிட்டார்கள். எப்படி ஜெயிக்க வைக்கிறார் என்பதைச் சொல்லவில்லை. கோட்டு வந்தது. குழாய் வந்தது. என் வண்டிக்கும் சர்க்கார் வாடகை.

அன்று அவருக்கு இருந்த சந்தோஷம் எனக்குத் தெரியும்.

"இனிமே சுத்தி வளைச்சிப் பேச வேணாம் நைனா. உள்ளதை உள்ளபடி பேசலாம். மரியாதையான உத்தியோகம்."

உள்ளதை உள்ளபடி பேசிய முதல் நாளே ஊர் காலியானது.

பட்டணத்து ஜனம் குண்டுக்குப் பயந்து ஏற்கெனவே எங்கள் வழியாகத்தான் மேற்கே போய்க்கொண்டிருந்தது. எங்கள் ஜனம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. நவரை நெல் அறுப்புக்கு நிற்கிறது. விட்டுவிட்டு எங்கே போவது? இப்போது இவர் சர்க்காரைப் புகழ்ந்துவிட்டார். நெல்லாவது, கில்லாவது.

இவர் பதறிப்போய் வண்டியை விரட்டச் சொன்னார். முத்தாபுதுப்பேட்டை தாண்டி மாட்டு வண்டிகளைப் பிடித்தோம். குழாயை எடுத்தார்.

"நில்லுங்க! சர்க்கார் நல்லா கீது! முன்னைக்கு இப்ப இன்னும் பலமா கீது!"

அதுவரை நடந்து போனவர்கள் ஓட ஆரம்பித்தார்கள்.

தாசில்தார் கூப்பிட்டு அனுப்பினார்.

"தைரியம் சொல்லத்தானேய்யா உம்மை அனுப்பினேன்? ஊரையே கெளப்பி உட்டுட்டீரே! ஜனம் திரும்பலேன்னா கோட்டைக் கழட்டி வச்சிட்டுப் போம்."

திரும்பி வரும்போது வயல் ஓரம் வண்டியை நிறுத்தச் சொன்னார். கதிர் தலை சாய்ந்து நின்றது. ஒரு கதிரைத் தொட்டார். நெல் உதிர்ந்தது.

"இன்னும் எத்தினி நாள் தாங்கும் நைனா?"

"தாங்காது."

"அறுக்கலேன்னா?"

"வருசம் பூரா பட்டினி."

கோட்டைப் பற்றி அவர் பேசவேயில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனபின் சொன்னார்.

"திட்டணும்."

"யாரை?"

"சர்க்காரை."

"சம்பளம் குடுக்கறவங்களையா?"

"அவங்களைத்தான்."

"உள்ளே தள்ளிடுவான் அண்ணாத்தே."

"தள்ளட்டும். நெல்லு கொட்டிகினு கீதே."

திருவள்ளூர் ரோட்டில் ஒரு மாந்தோப்பு. ஊர் ஜனம் அங்கேதான் அடுப்பு மூட்டியிருந்தது. பின்னாலேயே ஏட்டும் வந்திருந்தார். அவர் சம்சாரமும் அந்தத் தோப்பில்தான் இருந்தாள். ரோசனைக்காரர் என் வண்டிமேல் ஏறினார். கோட்டைக் கழற்றவில்லை. குழாயை வாயில் வைத்தார்.

"இந்த சர்க்கார் ஒழிஞ்சிது! துப்பாக்கியில குண்டு இல்லே! துரைங்கல்லாம் கப்பல் ஏற மூட்டை கட்டிகினு கீறாங்க! நாளைக்குக் காலைல ஜப்பான்காரன் ஆவடி டேசன்ல பல் வெளக்குவான்! ஓடுங்க! திரும்பிப் பாக்காம ஓடுங்க!"

தோப்பில் எல்லாத் தலையும் வண்டிப் பக்கம் திரும்பியது.

கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்த பொன்னம்மா நிமிர்ந்தாள். ஏரிக்கரைத் தெருவில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

"இன்னாடி இது, ரோசனையே திட்டுறாரு?"

"ஆமாக்கா. நாறத் திட்டுறாரு."

"அப்ப சர்க்காருக்கு ஒண்ணும் ஆவாது. சட்டியைத் தூக்குடி."

அடுப்பு அணைந்தது. மாடு பூட்டினார்கள். போகும்போது ஒவ்வொருத்தரும் வண்டியாண்டை வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள். "இன்னும் ரெண்டு வார்த்தை சொல்லு நைனா" என்று ஒரு பெரியவர் கேட்டார். இவர் சொன்னார். சீமை ராஜாவையும் சேர்த்துத் திட்டினார்.

கடைசியாக ஏட்டு வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"ரொம்ப சந்தோசம்யா. எங்க ஊட்டாளும் கெளம்பிட்டா."

"நல்லது."

"ஆனா கைது பண்ணணுமே."

"பண்ணு."

என் வண்டியிலேயே கொண்டுபோனோம்.

கோர்ட்டில் மாஜிஸ்திரேட்டுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சர்க்கார் ஆள், சர்க்கார் கோட்டைப் போட்டுக்கொண்டு, சர்க்கார் குழாயில் சர்க்கார் ஒழிந்தது என்கிறான். அவருக்கு உத்தியோகத்தில் அது புதுசு.

"அப்படிச் சொன்னீரா?"

"சொன்னேன் எஜமான்."

"ஏன்?"

"சர்க்காருக்கு நல்லதுக்குத்தான்."

மாஜிஸ்திரேட் பேனாவை மூடி வைத்துவிட்டு இவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் திறந்து ஆறு மாசம் எழுதினார். தாசில்தார் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். எல்லாம் அவருக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. ஓடிப்போன ஜனத்தைத் திரும்பக் கொண்டுவந்து குடியேற்றியதற்காக அவருக்கு மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது.

ஜெயிலுக்குள்ளே சர்க்காரை எதிர்த்துப் போனவர்கள் நிறைய இருந்தார்கள். கோட்டுப் போட்டுக்கொண்டே எதிர்த்தவர் இவர் ஒருத்தர்தான். எழுந்து நின்று இடம் கொடுத்தார்களாம். நான் எதிர்க்கவில்லை, காப்பாற்றினேன் என்று இவர் தலைப்பாடாக அடித்துக்கொண்டிருக்கிறார். என்ன அடக்கம் பார் என்றார்களாம்.

விடுதலை அன்று ஜெயில் வாசலில் கதர்ச் சட்டைக்காரர்கள் மாலையோடு நின்றார்கள். நான் ஓரமாக வண்டியை நிறுத்தியிருந்தேன். ஆள் இளைத்திருந்தார். கோட்டு இல்லை. மாலையை வாங்கிக்கொண்டார். பேசச் சொன்னார்கள். கும்பிட்டுவிட்டு நேராக என்னிடம் வந்தார். சௌக்கியமா என்று கேட்கவில்லை.

"நெல்லு?"

"களத்துக்கு வந்துடுச்சி."

"எத்தினி ஊட்டுல அடுப்பு எரியுது நைனா?"

கேட்பார் என்று தெரியும். அதற்காகவே காலையில் குதிரையைப் பூட்டாமல், தெருத்தெருவாக நடந்து போய் எண்ணிவிட்டு வந்திருந்தேன்.

முப்பத்தேழு.