சாம்பிள் அண்ணாச்சியின் தேக்குப் பெஞ்சு

தென்காசி வட்டாரத்தில் மரச்சாமான்களுக்கு நேர்ந்த பேராபத்துகளைக் கறையான், வெள்ளம், சாம்பிள் அண்ணாச்சி என்று மூன்றாக வகுக்கலாம். முதல் இரண்டையும் தடுக்க மருந்தோ மேடையோ உண்டு. மூன்றாவதற்கு அப்படி எதுவும் கிடையாது. இத்தனைக்கும் அண்ணாச்சி தம் வாழ்நாளில் நின்ற மரம் ஒன்றைக்கூட வெட்டியவர் அல்லர். மரம் அறுக்கும் பழைய செயின்சாக்களைப் பழுது பார்ப்பது அவர் தொழில். பழுது பார்த்த மிஷினால் எதையேனும் அறுத்துப் பார்க்காமல் உரியவரிடம் கொடுப்பதில்லை என்பது அவர் கொள்கை.

"ஓடுதது வேற, அறுக்குதது வேற," என்பார். "சும்மா உறுமிக்கிட்டு நிக்கையில எல்லா மிஷினும் நல்ல பிள்ளைதான். மரத்துல வச்சு அமுக்கும்போதுல்லா அதோட குணம் தெரியும். ஒரு சாம்பிள் பாத்துருவோம்."

அந்தச் 'சாம்பிள்'தான் அவருக்குப் பெயராயிற்று. எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் பொதுச்சுவர். அவர் வீட்டின் முன்னறையே பட்டறை என்பதால், என் இளங்கலைப் பாடங்கள் அனைத்தையும் பெட்ரோல் புகையின் நடுவில்தான் படித்து முடித்தேன்.

வந்த மிஷினை அவர் உடனே பிரிப்பதில்லை. முதலில் அதன் பூர்வீகத்தை விசாரிப்பார். பழைய செயின்சாக்களில் பெயர்த்தகடு உதிர்ந்திருக்கும். பெயிண்ட் இரண்டு முறையாவது மாறியிருக்கும். அண்ணாச்சி பெயிண்டை நகத்தால் சுரண்டுவார், உடலைத் தட்டிக் கேட்பார், பெட்ரோல் மூடியைத் திறந்து முகர்வார். சம்பந்தம் பேசப் போன வீட்டில்கூட அவர் இவ்வளவு விசாரித்திருக்க மாட்டார் என்பது அவர் மனைவி பகவதி அக்காவின் கருத்து.

ஒருமுறை பண்பொழியிலிருந்து தென்னந்தோப்புக்காரர் ஒருவர் வந்தார்.

"அண்ணாச்சி, செயினை மட்டும் தீட்டிக் குடுங்க. நான் பஸ்ஸைப் பிடிக்கணும்."

"தீட்டிருவோம். இது எந்த ஊரு மிஷினுன்னு சொல்லி உம்ம தலையில கட்டுனான்?"

"ஜெர்மனின்னு சொன்னான்."

"மூடி ஜெர்மனி. கைப்பிடி சீனா. சிலிண்டரு சுவீடன். ஒருத்தன் பேசுதது ஒருத்தனுக்குப் புரியாம மூணு பேரும் உள்ள உக்காந்திருக்கானுவ. பொறவு எப்படி ஸ்டார்ட் ஆகும்?"

"ஸ்டார்ட் ஆகுது அண்ணாச்சி."

"ஆகுதா?" அண்ணாச்சியின் முகம் வாடியது. "ஆகக் கூடாதே."

ஏன் ஆகிறது என்று கண்டுபிடிப்பதற்காக அதை முழுவதும் பிரித்தார். தோப்புக்காரர் அன்றைய பஸ்களில் ஒன்றையும் பிடிக்கவில்லை.

மாற்றியமைப்பதிலும் அவருக்குத் தனி ருசி உண்டு. சங்கிலியை நிறுத்தும் பிரேக் இல்லாத பழங்கால மிஷின்களுக்கு, மொபெட்டின் பிரேக்கை வெட்டி ஒட்டித் தாமே பிரேக் செய்து பொருத்துவார். கேட்காதவர்களுக்கும் பொருத்துவார். இலஞ்சிக்காரர் ஒருவர் வேகம் போதவில்லை என்று குறைப்பட்டதற்கு, சைலன்சரைக் கழற்றி அதன் வாயை அகட்டி விட்டார். அதன்பின் அவர் இலஞ்சியில் மிஷினைக் கிளப்பக் கயிற்றை இழுத்தால் செங்கோட்டையில் நாய்கள் குரைத்ததாகக் கேள்வி.

இவ்வளவுக்கும் மரம் வேண்டும். வெயில் மாதங்களில் மரக்கடைக் கழிவு கிடைத்துவிடும். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் ஊரில் உலர்ந்த கட்டையே இராது. ஈர மரத்தில் சாம்பிள் பார்த்தால் மிஷின் பொய் சொல்லும் என்பது அண்ணாச்சியின் துணிபு. ஆகவே சாரல் மாதங்களில் அவர் பார்வை வீட்டுக்குள் திரும்பும். அவ்வாறு திரும்பிய ஆண்டுகளில் ஏணியும் கட்டிலும் இரண்டு முக்காலிகளும் சாமி அலமாரியின் கீழ்த்தட்டும் சாம்பிள் ஆயின. தெருப் பையன்கள் கிரிக்கெட் மட்டையை அவர் வீட்டைத் தாண்டும்வரை சட்டைக்குள் செருகிக்கொண்டு போனார்கள். நான் தேர்வுக்குப் புறப்பட்ட ஒரு காலையில் என் கையிலிருந்த பரீட்சை அட்டையை வாங்கி, ஓரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது மரம் இல்லம்மா. வெறும் அட்டை," என்று எனக்காக வருந்தித் திருப்பிக் கொடுத்தார்.

இறுதியில் அந்த வீட்டில் மரம் என்று எஞ்சியது ஒரு தேக்குப் பெஞ்சு மட்டுமே. பகவதி அக்காவின் திருமணத்துக்கு அவருடைய அப்பா ஆய்க்குடியில் செய்வித்துக் கொடுத்தது. மூன்று விரல் கனத்தில் ஒரே பலகை. முழங்கையை ஊன்றினால் குளிரும் அளவுக்கு மெருகு.

"இந்தப் பெஞ்சுல மிஷினோட பல்லு பட்டுதுன்னு வைங்க," என்று அக்கா ஒருநாள் தெருவே கேட்கும்படி அறிவித்தார், "அன்னைக்கே நான் ஆய்க்குடிக்குப் போயிருவேன். பொறவு உங்களுக்குச் சோறு அந்த மிஷினு பொங்கிப் போடட்டும்."

"நான் எதுக்கு உன் பெஞ்சைத் தொடுதேன்?" என்றார் அண்ணாச்சி. கண்கள் பெஞ்சின் சுவரோரத்து முனையில் இருந்தன.

சில வாரங்கள் கழித்து அவர் என்னிடம் இரண்டு விரல் அகலத்தில் ஒரு மரச்சட்டத்தை நீட்டினார். புத்தகங்கள் சாயாமல் இருக்க வைத்துக்கொள்ளச் சொன்னார். வழுவழுப்பான அறுப்பு. மேற்பக்கத்தில் மட்டும் பழைய மெருகு மின்னியது.

"இது என்ன மரம் அண்ணாச்சி?"

"தேக்கு மாதிரி ஒண்ணு."

"தேக்கு மாதிரியா?"

"தேக்குதான். மெதுவாப் பேசு."

உறுதியாகத் தெரியாத எதையும் வெளியில் சொல்வது என் வழக்கமன்று. உறுதியாகத் தெரிந்தபின் சொல்லத் துணிவில்லை. அடுத்தடுத்து வந்த சட்டங்களையும் வாங்கி அடுக்கினேன். என் புத்தகங்கள் சாயவே இல்லை.

அக்கா வெள்ளிக்கிழமைகளில் கோவிலுக்குப் போகும் நேரமே அண்ணாச்சியின் நேரம். ஒரு சாம்பிள் எடுப்பார். வெட்டு முனையில் மெழுகு தேய்ப்பார். பெஞ்சின் காலை ஆணி பிடுங்கி உள்ளே தள்ளி அடிப்பார். முனையைச் சுவரோடு ஒட்டி வைப்பார். இந்தத் திட்டத்தில் ஒரு குறையும் இல்லை. பகவதி அக்கா வேறுவிதமாகக் கணக்குப் போடுவார் என்பதை மட்டும் அவர் எதிர்பார்க்கவில்லை.

"ஏட்டி, முன்னல்லாம் நீயும் உங்கம்மையும் நானும் இதுல உக்காந்து பூக் கட்டுவோம்லா," என்றார் அக்கா ஒரு மாலை. "இப்ப நம்ம ரெண்டு பேருக்கே இடிக்கி பாத்தியா. எனக்குச் சதை போட்டுட்டு."

"அப்படி ஒண்ணும் தெரியலியே அக்கா."

"நீ மனசு நோவக் கூடாதுன்னு சொல்லுத."

மறுநாளிலிருந்து அக்கா இரவுச் சோற்றை நிறுத்தினார். அதிகாலையில் குற்றாலம் சாலையில் கை வீசி நடந்தார். கொள்ளுத் தண்ணீர் குடித்தார். மெலியவும் செய்தார். ஆனால் அவர் மெலிந்த வேகத்தைவிடப் பெஞ்சு வேகமாக மெலிந்தது. உட்காரும் ஒவ்வொரு முறையும் தாம் மேலும் பருத்திருப்பதாகவே அவருக்குத் தோன்றியது. அண்ணாச்சி தவித்துப்போய்ச் சாம்பிளை நிறுத்துவார். மிஷின்கள் பட்டறையில் குவியும். ஆட்கள் வந்து சத்தம் போடுவார்கள். கடைசியாக ஒன்று, கடைசியாக ஒன்று என்று மீண்டும் வெள்ளிக்கிழமை வந்துவிடும். இதற்கிடையில் அவர் சட்டையும் தோளில் தொங்கத் தொடங்கியது. சர்க்கரை வியாதி என்று தெரு முடிவு செய்தது.

அந்த நாட்களில்தான் செங்கோட்டைக்கு அப்பாலுள்ள ரப்பர் எஸ்டேட்டிலிருந்து மலையாளி ஒருவர் கோணிப்பையில் ஒரு மிஷினைச் சுமந்து வந்தார். பார்த்ததும் அண்ணாச்சி செருப்பைக் கழற்றினார். தம் வயதை ஒத்த மிஷின் அது என்றும், ஒரே தாய் வயிற்றுப் பாகங்களோடு இப்படி ஒன்றைத் தாம் கண்டதே இல்லை என்றும் தெருவில் எல்லோரிடமும் சொன்னார். வாரக்கணக்கில் உழைத்தார். அது உறுமிய அன்று எஸ்டேட்காரர் வந்து நின்றார். வெளியே சாரல். பட்டறையில் ஒரு குச்சிகூட இல்லை.

நான் அப்போது பால் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். அக்கா பெஞ்சில் அமர்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"சேட்டா, ஓடுன்னுண்டு, அது போதும். தா, ஞான் போட்டே," என்று மிஷினை வாங்கிக்கொண்டு கிளம்பப் பார்த்தார் எஸ்டேட்காரர்.

"சாம்பிள் பாக்காம எப்படி? செத்த உக்காரும்."

அவர் உட்கார வேறு இடம் ஏது? தயங்கிப் பெஞ்சின் ஓரத்தில் அமர்ந்தார். பாதி உடல் காற்றில் நின்றது. அக்கா சுவரோடு ஒடுங்கினார். அப்போதும் இடம் போதவில்லை. வெண்டைக்காய்த் தட்டை மடியில் இறுக்கிக்கொண்டு, தலையைக் குனிந்து, முன்பின் அறியாத அந்த மனிதரிடம் மெல்லச் சொன்னார்:

"மன்னிச்சுக்கிடுங்க. எனக்குக் கொஞ்சம் உடம்பு பெருத்துட்டு."

அண்ணாச்சி கையிலிருந்த மிஷினைத் தரையில் வைத்தார்.

"பகவதி, நீ பெருக்கல. பெஞ்சுதான் மெலிஞ்சிருக்கு."

பாதி புரிந்தும் முழு ஆபத்தை உணர்ந்த எஸ்டேட்காரர், "ஞான் பின்னே வராம்," என்று மிஷினை மறந்துவிட்டுச் சாரலில் இறங்கி நடந்தார்.

அக்கா எழுந்தார். பெஞ்சைச் சுவரிலிருந்து இழுத்தார். வெட்டு முனையைத் தடவினார். விரலில் மெழுகு ஒட்டியது. ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சாண் போட்டு அளந்தார்.

"எங்கப்பா செஞ்சு தந்ததுல மூணு சாணைக் காணோம்."

"ஆமா."

"நான் ராத்திரி பட்டினியாக் கெடந்தது உங்களுக்குத் தெரியும்லா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் சும்மா இருந்திய."

"சொன்னா நீ ஆய்க்குடிக்குப் போயிருவியே," என்றார் அண்ணாச்சி. "அதான் நானும் திங்கல."

"எதை?"

"ராத்திரிச் சோறு. நீ பானையை மூடி வச்சுட்டுப் படுத்த பொறவு எடுத்துத் தெருக்கோடி மாட்டுக்காரருக்குக் குடுத்துருவேன். உன்ன பட்டினி போட்டுட்டு நான் எப்படித் திங்க?"

அக்கா அவருடைய தொங்கும் சட்டையை அப்போதுதான் பார்ப்பவர்போல் பார்த்தார். கழுத்தெலும்பைப் பார்த்தார்.

"கிறுக்குப் பய மனுசன்," என்றார். பிறகு உள்ளே போனார். தாளிக்கும் மணம் வந்தது. இரண்டு தட்டுகளில் சோறும் வெண்டைக்காய்ப் புளிக்குழம்புமாக வெளியே வந்தவர், பெஞ்சில் அமர்ந்து, பக்கத்து இடத்தைப் புறங்கையால் துடைத்தார்.

"உக்காருங்க."

அண்ணாச்சி பயந்து பயந்து உட்கார்ந்தார். இருவரும் மெலிந்திருந்தார்கள். இடம் சரியாக இருந்தது. சொல்லப்போனால் நடுவில் விரல்கடை மிச்சமும் இருந்தது. அதை அக்கா நகர்ந்து நிரப்பினார்.

நான் பால் பாத்திரத்தைச் சத்தமில்லாமல் தரையில் வைத்துவிட்டு வந்தேன். ஊரிலுள்ள மரம் அத்தனையும் கேட்டாலும் அந்த மனிதருக்குக் கொடுத்துவிடலாம் என்று அன்று எனக்குத் தோன்றியது.