ஐஸ் உருகியதற்கு ஆதாரம்

மாணவர்கள் வகுப்பறையிலேயே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தால் நாடு முன்னேறாது என்று மேலிடத்தில் ஒரு கருத்து உருவானது. அது சுற்றறிக்கையாகி, சிதம்பரத்தில் உள்ள ஒரு கல்லூரிக்கும் வந்து சேர்ந்தது. அதன்படி வணிகவியல் மாணவர்கள் ஒரு வருடம் ஏதாவது ஒரு பெரிய நிறுவனத்தில் வேலை பழக வேண்டும். பழகினால் பட்டம். பழகாவிட்டால் இன்னொரு வருடம்.

இளவரசி அந்தக் கல்லூரியில் படித்தவள். கடலூருக்குப் பக்கத்தில் கடலோரக் கிராமம். அப்பா கலியமூர்த்தி விசைப்படகு வைத்து மீன்பிடிப்பவர். அவளுக்கு இடம் கிடைத்தது, நாற்பது நாடுகளில் கிளை பரப்பிய ஒரு தணிக்கை நிறுவனத்தின் கடலூர்க் கிளையில். பெயர் வேண்டாம், அவர்களிடம் வக்கீல்கள் ஜாஸ்தி. மற்ற கம்பெனிகள் எழுதிவைத்த கணக்கு உண்மைதானா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவர்கள் தொழில்.

முதல் நாளே கழுத்துக்கு ஒரு அடையாள அட்டையும், ஒரு தண்ணீர் பாட்டிலும், 'என் பயணம் தொடங்குகிறது' என்று எழுதிய டி-சர்ட்டும் தந்தார்கள். கம்ப்யூட்டருக்கான பாஸ்வேர்டு மட்டும் தரவில்லை. அது மூன்று ஊர்களின் ஒப்புதலைப் பெற்று வரவேண்டியிருந்தது. அது வரும்வரை அவளுக்கு வேலை இல்லை. ஆனால் மாதாமாதம் மதிப்பீடு உண்டு. வேலையே செய்யாததால் ஒரு தப்பும் இல்லை. ஆகவே 'பிழையற்ற பணி' என்று ஆறு மாதம் தொடர்ந்து அவளுக்கே நட்சத்திரம் கிடைத்தது.

மேலாளர் தமிழ்வேந்தன் சேத்தியாத்தோப்புக்காரர். நல்ல மனிதர். இளவரசி அவரை சார் என்று கூப்பிட்டபோது தனியாக அழைத்துச் சொன்னார்.

"சார்னு கூப்பிடக் கூடாது. இங்க எல்லாரும் சமம். இது என் ஆர்டர்."

"சரி சார்" என்றாள் இளவரசி.

அந்த அலுவலகத்தில் யாருக்கும் சொந்த நாற்காலி கிடையாது. சொந்த நாற்காலி இருந்தால் சிந்தனை தேங்கிவிடும் என்று ஆய்வில் தெரிந்திருந்தது. காலையில் முதலில் வருபவர் உட்காருவார். பின்னால் வருபவர் நின்றுகொண்டே சிந்திப்பார். இளவரசி இரண்டு பஸ் மாறி வருகிறவள். நிறையச் சிந்தித்தாள்.

மார்ச் கடைசி நாளில்தான் அவளுக்கு முதல் வேலை வந்தது. முதுநகரில் காசிநாதனின் ஐஸ் கம்பெனிக்குப் போய், அன்றைக்கு இருப்பில் உள்ள ஐஸ் பார்களை எண்ணிவர வேண்டும். காசிநாதன் அவள் அப்பாவின் சிநேகிதர். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு மாமா. உள்ளே குளிரில் நடுங்கிக்கொண்டு எண்ணி முடித்தாள். மாமா டீ வாங்கிக் கொடுத்தார்.

அன்று இரவு ஏற்ற இறக்கமான கரண்டில் கம்பெனியின் கம்ப்ரசர் எரிந்துபோயிற்று.

அடுத்த வாரம் விதிப்படி மறு எண்ணிக்கைக்கு வந்தார் தமிழ்வேந்தன். விற்றதற்கெல்லாம் பில் இருந்தது. விற்றது போக அறுபது பார் குறைந்தது. எங்கே என்று கேட்டார்.

"உருகிடுச்சி சார்" என்றார் காசிநாதன்.

தமிழ்வேந்தன் குறித்துக்கொண்டார். ஒரு வாரத்தில் நிறுவனத்திலிருந்து முதல் கேள்வி வந்தது: ஐஸ் உருகியது என்பதற்கு ஆதாரம் என்ன. காசிநாதன் கைப்பட எழுதிக் கொடுத்தார். இரண்டாவது கேள்வி வந்தது: உரிமையாளரே சொல்வது ஆதாரமாகாது, தொடர்பில்லாத மூன்றாம் நபர் யாராவது சொல்ல வேண்டும். மூன்றாவது கேள்வி இன்னும் நுட்பமானது. ஐஸ் உருகினால் தண்ணீராகும் என்பதை ஒரு பேச்சுக்கு ஏற்றுக்கொண்டாலும், அந்தத் தண்ணீர் இப்போது யாரிடம் இருக்கிறது?

சாக்கடை வழியாகக் கடலுக்குப் போய்விட்டது என்று காசிநாதன் பதில் எழுதினார். அங்கேதான் தப்புச் செய்தார். ஒருவருடைய சரக்கு இன்னொருவர் வசம் இருந்தால், வைத்திருப்பவரிடமிருந்து உறுதிக் கடிதம் வாங்க வேண்டும் என்பது விதி. கடலிடமிருந்து கடிதம் கேட்டார்கள்.

காசிநாதன் கரையோரம் இருந்த ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினார். ஓர் இடத்தில், கரை வரைக்கும்தான் எங்கள் பொறுப்பு என்றார்கள். இன்னோர் இடத்தில், கடலுக்கு நாங்கள்தான், ஆனால் எங்களிடம் இருப்பது உப்புத் தண்ணீர், உங்களுடையது நல்ல தண்ணீர், அது எங்கள் கணக்கில் வராது என்று அன்பாக விளக்கினார்கள்.

இது சிரிக்கிற விஷயமாக இல்லை. தணிக்கை அறிக்கை இல்லாமல் வங்கி கடனைப் புதுப்பிக்காது. கடன் இல்லாமல் கம்ப்ரசர் வாங்க முடியாது. ஜூன் நடுவில் மீன்பிடித் தடைக்காலம் முடியும். அன்றைக்கு எல்லாப் படகும் ஒரே நேரத்தில் ஐஸுக்கு நிற்கும். மற்ற ஐஸ் கம்பெனிக்காரர்கள் தங்கள் வாடிக்கைப் படகுகளுக்குத்தான் முதலில் போடுவார்கள். கலியமூர்த்தி பதினைந்து வருடமாக காசிநாதனின் வாடிக்கை. ஐஸ் இல்லாமல் கடலுக்குப் போனால் பிடித்த மீன் கரைக்கு வரும்போது கருவாட்டுக்கும் ஆகாது.

இளவரசி மேலாளரிடம் நேராகவே கேட்டாள், ஐஸ் உருகும் என்று அவருக்குத் தெரியாதா என்று.

"தனிப்பட்ட முறையில எனக்குத் தெரியும்" என்றார் தமிழ்வேந்தன். "சின்ன வயசுல எத்தனை ஐஸ் சட்டையில ஒழுகியிருக்கு. ஆனா நிறுவனத்துக்குத் தெரியாதே."

நிபுணர் கருத்து வாங்கினால் போதும் என்று அவரே வழியும் காட்டினார். இளவரசி சிதம்பரத்துக்குப் போய், தன் கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் ராமாமிர்தத்தைப் பார்த்தாள். அவர் மகிழ்ந்துபோனார். தொழில் துறையோடு கைகோக்க வேண்டும் என்று கல்லூரிக்கு மேலிருந்து நெருக்கடி. கோக்க ஒரு கையும் கிடைக்காமல் இருந்தார். ஐஸ் உருகும் என்று ஒரு வரி கேட்டதற்கு, 'கடலோரப் பகுதிகளில் ஐஸ் உருகுதல்: பன்முகப் பார்வைகள்' என்று இரண்டு நாள் கருத்தரங்கம் வைத்துவிட்டார். பொன்னாடைகள் போர்த்தப்பட்டன. குரூப் போட்டோ எடுக்கப்பட்டது. இரண்டாம் நாள் மாலை கருத்தரங்கம் ஒருமனதாக ஒரு முடிவுக்கு வந்தது: ஐஸ் உருக வாய்ப்புள்ளது, மேலும் ஆய்வு தேவை.

வாய்ப்பு என்ற சொல்லை நிறுவனம் ஏற்கவில்லை.

அன்றைக்கு இளவரசி வீட்டுக்கு வந்தபோது கலியமூர்த்தி வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். என்னம்மா ஆச்சு என்று கேட்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. நிறுவனத்தின் வழிகாட்டு நூலை எடுத்து உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து படித்தாள். ஆதாரம் கிடைக்காத இடத்தில் தணிக்கையாளர் தாமே நேரில் பார்த்து முடிவு செய்யலாம் என்று ஓர் இடத்தில் இருந்தது. ஒன்றைப் பார்த்தால் போதாது, குறைந்தது இருபத்தைந்து எடுத்துப் பார்க்க வேண்டும் என்றும் இருந்தது.

தடைக்காலமாதலால் மற்ற கம்பெனிகளில் ஐஸ் கேட்பாரற்றுக் கிடந்தது. திங்கட்கிழமை காலை, மஞ்சக்குப்பத்தில் அலுவலகம் இருந்த கட்டடத்தின் வாசலில் ஒரு மினி லாரி வந்து நின்றது. கலியமூர்த்தியும் படகு ஆட்களும் இருபத்தைந்து பார் ஐஸை மரத்தூள் உதிர உதிரத் தோளில் சுமந்து, முதல் மாடிக்கு ஏற்றி, கார்ப்பெட் விரித்த கூட்ட அறையில் வரிசையாக அடுக்கினார்கள்.

தமிழ்வேந்தன் வழிகாட்டு நூலின் பக்கத்தைப் பார்த்தார். ஐஸைப் பார்த்தார். விதியில் இருப்பதால் அவரால் மறுக்க முடியவில்லை. ஊழியர்கள் எல்லாரையும் சுற்றி நிற்கவைத்துப் பார்வையிடலைத் தொடங்கினார்.

ஐஸ் உருகவில்லை. அறையில் ஏசி பதினெட்டில் ஓடிக்கொண்டிருந்தது. 'முதல் அரை மணி நேரம்: குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை' என்று தமிழ்வேந்தன் எழுதிக்கொண்டார். இளவரசி ஏசியை நிறுத்தலாமா என்று கேட்டாள். அதற்கான அதிகாரம் கடலூர்க் கிளையில் யாருக்கும் இல்லை. விண்ணப்பித்தால் நான்கு வேலை நாளில் பதில் வரும். ஐஸும் ஏசியும் சேர்ந்து ஊழியர்களுக்குப் பல் கிட்டியது. ஒரு பெண் அடையாள அட்டையைக் கழற்றிவிட்டு அதன் நாடாவைக் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். இருந்தும் யாரும் நகரவில்லை.

மூலையில் நின்றிருந்த கலியமூர்த்தி சுவரில் இருந்த ஏசி சுவிட்ச் பெட்டியைப் பார்த்தார். போய் அதை அணைத்தார். யாருடைய அனுமதியில் அணைத்தீர்கள் என்று தமிழ்வேந்தன் கேட்டார்.

"குளுருது" என்றார் கலியமூர்த்தி.

பிறகு நடந்ததை விவரிக்கத் தேவையில்லை. ஜூன் மாதம், கடலூர், கண்ணாடிக் கட்டடம். தண்ணீர் கார்ப்பெட்டில் ஊறி, கணுக்காலைத் தொட்டு, இறங்க வழி தேடிக் கண்டுபிடித்தது. கீழ்த்தளத்தில் தேவநாதனின் பட்டுப்புடவைக் கடை இருந்தது. சற்று நேரத்தில் அவர் நனைந்த புடவை ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு மேலே வந்து, ஐஸை வைத்து உருகவிட்டு என் கடையை நாசமாக்கிவிட்டீர்களே என்று கத்தினார்.

எல்லாரும் தலைகுனிந்து நின்றார்கள். இளவரசி மட்டும் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவரிடம் நீட்டினாள்.

"இதை அப்படியே எழுதிக் குடுங்க அண்ணா. ஐஸ் உருகிச்சி, தண்ணியா வந்திச்சின்னு தெளிவா இருக்கட்டும்."

தேவநாதன் இருந்த கோபத்தில் இரண்டு பக்கம் எழுதி, கடை முத்திரையும் குத்திக் கொடுத்தார். தமிழ்வேந்தன் வாங்கிப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் மலர்ந்தது. தொடர்பில்லாத மூன்றாம் நபர். சொந்தக் கையெழுத்து. வாய்ப்பு என்ற சொல் ஓர் இடத்தில்கூட இல்லை.

அன்று மாலையே அறிக்கையில் கையெழுத்தானது. வங்கி இறங்கிவந்தது, கம்ப்ரசர் வந்தது, தடைக்காலம் முடிந்த விடியலில் கலியமூர்த்தியின் படகு ஐஸோடு கடலுக்குப் போனது. நிறுவனம் அந்த முறைக்குக் 'கடலூர் மாதிரி' என்று பெயர் சூட்டி நாற்பது நாடுகளுக்கும் அனுப்பியது. இப்போது கரையோரத்து ஐஸ் கம்பெனிகள் எல்லாம் வருடத்துக்கு ஒருமுறை இருபத்தைந்து பாரை மஞ்சக்குப்பத்து மாடிக்கு ஏற்ற வேண்டும். தேவநாதன் அன்றைக்குப் புடவைகளை ஓரமாக நகர்த்திவைத்துவிட்டுப் புகார் எழுதித் தருகிறார். அதற்குக் கூலி கிடையாது. கூலி வாங்கினால் அவர் தொடர்பில்லாத நபர் ஆகமாட்டார்.

இளவரசிக்கு அங்கேயே வேலை கிடைத்தது. இரண்டே வருடத்தில் உதவி மேலாளர். போன மாதம் சிதம்பரத்தில் ஒரு கற்பூர மொத்த வியாபாரியின் இருப்பை எண்ணினாள். எடை குறைந்தது. காற்றில் கரைந்துவிட்டது என்றார் அவர். அன்றைக்குக் காற்று எந்தத் திசையில் அடித்தது என்று சிரிக்காமல் கேட்டாள்.

அந்த வாரமே காசிநாதன் அவளைத் தேடி அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஸ்வீட் பாக்ஸ். மகள் தீபிகாவும் வணிகவியல்தான் படிக்கிறாளாம். ஒரு வருடம் வேலை பழக இந்த நிறுவனத்திலேயே இடம் வாங்கித் தரவேண்டும் என்றார். இளவரசிக்கே ஆச்சரியமாக இருந்தது. இந்த நிறுவனத்தை அவர் திட்டாத திட்டா என்று கேட்டாள்.

"பதில் சொல்ற பக்கம் நான் ஒக்காந்து பாத்துட்டம்மா" என்றார் காசிநாதன். "எம் பொண்ணாவது கேள்வி கேக்குற பக்கம் ஒக்காரட்டும்."

இளவரசி கம்ப்யூட்டரைத் திறந்து தீபிகாவின் பெயரை அடித்தாள். தகப்பனார் பெயரையும் அடித்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"சரி மாமா. ஆனா தீபிகா உங்க பொண்ணுன்னு நீங்களே சொன்னா எப்படி? வேற யாராச்சும் சொல்லணுமே."

காசிநாதனுக்குக் கோபம் வரவில்லை. தன் மகளும் இப்படிப் பேசுகிற நாள் சீக்கிரம் வரவேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டு, ஆள் தேடப் படியிறங்கினார்.