துவான் மோட்டாரில் நான் அடித்த நாலு ஆணி

பிள்ளைகளா, நேற்று சாமி படம் மாட்டுவதற்கு நான் சுத்தியலை எடுத்ததும் நீங்கள் மூன்று பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை நான் பார்க்காமல் இல்லை. சின்னவள் அடக்கமாட்டாமல், "அப்பா, பக்கத்து வீட்டுக்குப் போயிட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டே விட்டாள். போய்விட்டுத்தான் வந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று பார்க்காமல் நான் எங்கேயும் ஆணி அடிப்பதில்லை. இதனாலேயே அக்கம்பக்கத்தில் என்னைக் கொஞ்சம் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

உங்கள் அம்மா இந்தக் கதையைச் சொல்லச் சொல்ல ஆணியின் நீளம் கூடிக்கொண்டே போகிறது. (போன தீபாவளிக்கு அது ஒரு முழம்!) ஆகையால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். ஆணியை மட்டும் நீட்டாதீர்கள்.

அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை, ஒரு கட்டை வண்டி, இரண்டு மாடுகள். என் சொத்து அவ்வளவுதான். ஊருக்கு மோட்டார் வந்த புதிது. அந்த நாள் மோட்டார்கள் ஓடியதைவிட நின்றதுதான் அதிகம். நின்ற மோட்டாரைப் பட்டறைக்கு இழுத்துப் போக மாடுதான் வேண்டும். மாடு வைத்திருந்தவனெல்லாம் இழுத்தான். ஒருவன் பாதி வழியில் மாட்டை அவிழ்த்துக்கொண்டு சாப்பிடப் போனான். இன்னொருவன் கயிறு அறுந்து, மோட்டாரை ஒரு தவ்கேயின், அதாவது சீன முதலாளியின், மளிகைக் கடைக்குள்ளேயே கொண்டுபோய் நிறுத்தினான். இப்படியெல்லாம் நடந்த பிறகு வண்டி ஆபீஸில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்: இனிமேல் மோட்டார் இழுக்கிறவனுக்குத் தனி லைசென்சு வேண்டும். முதலில் ஒரு மாதம் தற்காலிகச் சீட்டு. குற்றம் குறையில்லாமல் நடந்துகொண்டால் பெரிய துரை கையெழுத்துப் போட்டு நிரந்தரச் சீட்டு.

அந்தச் சீட்டு எனக்கு உயிருக்குச் சமம். காரணம் உங்கள் தாத்தா.

தாத்தா அப்போது டோபி காட் பக்கம் குதிரைகளுக்குப் புல்லுக்கட்டு விற்றுக்கொண்டிருந்தார். பெண் கேட்டுப் போன என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "தம்பி, குதிரை இன்னும் எத்தன நாளைக்கு? என் பொழப்பே ஆட்டம் கண்டுபோச்சு. மோட்டார் சீட்டு உள்ளவனுக்குத்தான் என் பொண்ணு. துரை கையெழுத்தோட வா, தட்டு மாத்திக்கலாம்" என்றார். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. அது சம்மதமா, வேறு ஏதாவதா என்று எனக்கு விளங்கவில்லை.

தற்காலிகச் சீட்டோடு விதிகள் அச்சடித்த தமிழ்த் தாள் ஒன்றும் கொடுத்தார்கள். மற்ற வண்டிக்காரர்கள் அதில் புகையிலை மடித்தார்கள். எனக்குப் படிக்கத் தெரியும் என்பதால் படித்தேன். (படிக்கத் தெரியாதவர்கள் எல்லாரும் தப்பித்தார்கள்.) இரும்புச் சங்கிலி வேண்டும், மாட்டுக் கொம்பில் சிவப்புத் துணி வேண்டும் என்பதெல்லாம் சரி. நாலாவது விதி இது: "மாடு இழுக்கும் வாகனம் எதுவாயினும், மாட்டுக்காரனின் நம்பர் தகடு அவ்வாகனத்தின் பின்புறத்தில் ஆணியால் உறுதியாக அறையப்பட்டிருக்க வேண்டும். கயிற்றால் கட்டுதல் குற்றம்."

எதுவாயினும் என்று போட்டிருக்கிறதே! அன்று சாயங்காலமே என் வண்டியிலிருந்து தகட்டைப் பிடுங்கித் துடைத்து, நாலு ஆணியும் சுத்தியலுமாக ஒரு பையில் போட்டுத் தயாராக வைத்துக்கொண்டேன்.

நாலாம் நாள் அழைப்பு வந்தது. ஆர்ச்சர்ட் ரோட்டில் ஒரு மோட்டார் நின்றுவிட்டது. ஓடினேன். கரும்பச்சை நிறத்தில், ஓரமெல்லாம் மஞ்சள் கோடு போட்டு, மாப்பிள்ளை மாதிரி நின்றது. டிரைவர் காதர் பாய், நாகூர்க்காரர், நல்ல மனிதர். "துவான் ரிக்ஷா பிடிச்சு ஆபீசுக்குப் போயிட்டாரு. நீ சங்கிலிய மாட்டிக்கிட்டு இரு, நான் லுஹர் தொழுதுட்டு ஓடியாந்துடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். எந்தத் துவான், அதாவது எந்தத் துரை, என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சங்கிலியை மாட்டினேன். சிவப்புத் துணியைக் கட்டினேன். பிறகு பின்பக்கம் போனேன். அருமையான பலகை. முகம் தெரியும் அளவுக்கு மெருகு. தகட்டைச் சரியாக நடுவில் வைத்து, கோணல் இல்லாமல் இரண்டு தரம் அளந்து பார்த்து, 'முருகா' என்று முதல் ஆணியை இறக்கினேன். வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. மூன்றாவது ஆணி மட்டும் 'டங்' என்று வேறு சத்தம் போட்டது. உள்ளே நல்ல கெட்டியான சாமான் இருக்கிறது, பிடிப்பு நன்றாக இருக்கும் என்று சந்தோஷப்பட்டு அதன் தலையில் இன்னும் இரண்டு அடி போட்டு, நாலாவதையும் இறக்கி முடித்தேன்.

தொழுகை முடிந்து வந்த காதர் பாய் நேரே முன்பக்கம் ஏறித் திருப்புகிற சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். பின்பக்கம் பார்க்கவே இல்லை. நான் மாட்டுக்கு முன்னால் நடந்தேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்துச் சிரித்தார்கள். நம்மைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள் என்று நினைத்து நானும் தலையை ஆட்டிக்கொண்டே போனேன்.

"வீராசாமி, பெட்ரோல் வாடை தூக்குதே?" என்றார் பாய்.

"மோட்டாருன்னா வாடை அடிக்கத்தானே செய்யும் பாய்" என்றேன். (மோட்டாரைப் பற்றி அவருக்கே பாடம்!)

புல்லுக்கடை வந்தது. தாத்தா வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் உங்கள் அம்மா. நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

"தம்பி, பின்னால ஒழுகுது!" என்று கத்தினார் தாத்தா.

"அது மோட்டாரு மாமா, அப்படித்தான் விடும்!" என்றேன், மாட்டைப் பற்றிச் சொல்வது போல.

காதர் பாய் குதித்திறங்கிப் பின்பக்கம் ஓடினார். அவர் போட்ட சத்தத்தில் என் மாடுகளே நின்றுவிட்டன. "அடப்பாவி! டாங்கிலயே ஆணிய எறக்கிட்டியேடா! யாரும் பீடி பத்த வைக்காதீங்க! நீ அதப் புடுங்காதே, புடுங்கினா மொத்தமும் கொட்டிரும்! சவுக்காரம் இருந்தா கொண்டாங்க, சீக்கிரம்!"

உங்கள் அம்மாதான் உள்ளே ஓடிப்போய்த் துணி துவைக்கிற சவுக்காரக் கட்டியைக் கொண்டுவந்தாள். அவளை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்தது அன்றைக்குத்தான். சிரிப்பை அடக்கி அடக்கி அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாய் சவுக்காரத்தைப் பிசைந்து மூன்றாவது ஆணியைச் சுற்றி அப்பினார். ஒழுகுவது நின்றது.

அப்போதுதான் ஒரு ரிக்ஷா வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவரை எனக்குத் தெரியும். வண்டி ஆபீஸ் பெரிய துரை. என் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டியவர். அவருடைய மோட்டார்.

துரை தகட்டைப் பார்த்தார். ஆணியைப் பார்த்தார். சவுக்காரத்தைப் பார்த்தார். மலாயில் ஏதோ கேட்டார்.

"யாரு அடிச்சதுன்னு கேக்குறாரு" என்றார் பாய், தரையைப் பார்த்துக்கொண்டே.

"நான்தான் துவான்!" என்று கையைத் தூக்கினேன். பிறகு பையிலிருந்த விதித் தாளை எடுத்து நாலாவது விதியைச் சத்தமாகப் படித்தேன். பாய் அதை மலாயில் சொன்னார். துரையின் முகம் முதலில் சிவந்தது, பிறகு வெளுத்தது. அந்த விதியை எழுதியதே அவர்தானாம். பிற்பாடு பாய் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஆணியைப் பிடுங்க முடியாதே! ஆகவே துரையின் மோட்டார் மாட்டுவண்டித் தகட்டோடு பட்டறை வரைக்கும் ஊர்வலம் போயிற்று. துரை இருபதடி தள்ளி, யாருடைய மோட்டாரோ என்பது போல நடந்து வந்தார். வழியில் ஒரு மாத்தா, அதாவது போலீஸ்காரர், எங்களை நிறுத்தினார். சுற்றி வந்து தகட்டை ஒரு தரம் ஆட்டிப் பார்த்தார். அது அசையவில்லை. "ம், எல்லாம் ஒழுங்கா இருக்கு. போ" என்று கையைக் காட்டினார். அன்று முழுவதும் என்னைப் பாராட்டிய ஒரே மனிதர் அவர்தான்.

பட்டறை வாசலில் துரை கையை நீட்டினார். என் தற்காலிகச் சீட்டைக் கொடுத்தேன். நாலாகக் கிழித்துத் தன் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டார். "கட்டை வண்டி ஓட்டிக்கோ. மோட்டார் பக்கம் வராதே" என்பதைப் பாய் எனக்கு எவ்வளவோ மரியாதையாகத் தமிழில் சொன்னார்.

கல்யாணமும் அந்தப் பைக்குள் போய்விட்டது என்றுதான் திரும்பி நடந்தேன். புல்லுக்கடையைத் தலை குனிந்து கடக்கும்போது தாத்தா கூப்பிட்டார்.

"சீட்டு போச்சா?"

"போச்சு மாமா."

"கேட்ட உடனே நான்தான்னு கையத் தூக்கினியே, எதுக்கு? பாய் மேல சாட்டியிருக்கலாம். தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்."

"நான்தானே மாமா அடிச்சேன்?"

தாத்தா உள்ளே திரும்பிப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார். "நான் வேணாம்னுதான் சொன்னேன். இவதான், 'இவருக்குப் பொய் சொல்ற அளவுக்குச் சாமர்த்தியம் கெடையாதுப்பா, பயமில்லாம இருக்கலாம்'னு சொல்றா. அடுத்த வாரம் ஆளுங்களக் கூட்டிக்கிட்டு வா."

இதுதான் உங்கள் அம்மா என்னைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை. அதற்குப் பிறகு இதைவிட நல்லதாக ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வருடம் வந்த தாளில் நாலாவது விதிக்குக் கீழே ஒரு வரி கூடியிருந்தது: "மோட்டாரில் ஆணி அறையலாகாது." ஆபீஸ் கிராணி, அதாவது குமாஸ்தா, அதைப் படிக்கும்போதெல்லாம் அத்தனை வண்டிக்காரர்களும் திரும்பி என்னைத்தான் பார்த்தார்கள். ஊர்ச் சட்டத்தில் ஒரு வரி உங்கள் அப்பனால் வந்தது. இதையும் உங்கள் அம்மா சொல்லியிருக்க மாட்டாள்.

ஒன்று மட்டும் அவளுக்கே தெரியாது. சீட்டு கிழிந்த அன்று பொழுது சாயும்போது கொட்டகையில் நானும் மாடுகளும்தான் இருந்தோம். பட்டறையில் பிடுங்கிக் கொடுத்த தகட்டின் முதுகில் கரும்பச்சைப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. ஆணிகளில் மூன்று நேராகத்தான் இருந்தன. சவுக்கார வாடை அடித்த மீதி ஒன்றைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தினேன். தகட்டை என் வண்டியில் பழைய இடத்தில் வைத்தேன். சுத்தியலை ஓங்கினேன். ஓங்கிய கையை இறக்கி, மண்டியிட்டு, வண்டிக்கு அடியில் தவழ்ந்துபோய்ப் பலகைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று பார்த்தேன்.

ஒரு பல்லி இருந்தது. அது நகர்ந்து போகும்வரை காத்திருந்துவிட்டு, வெளியே வந்து ஆணியை அடித்தேன்.