அட்டைப்படத்தில் என் மூக்கு

எனக்கு முதலில் தீங்கு செய்தவன் கிளாட்வின். பின்னால் யாரும் மறந்துவிடக் கூடாது என்று பெயரை எழுதி வைக்கிறேன். எங்கள் சித்தூர் சபையில் ஞானஸ்நானம் எடுத்தவன், இப்போது திருப்பதியில் ஓவியம் படிக்கிறான். சபையின் நூற்றாண்டு மலருக்கு அட்டைப்படம் போட்டது அவன்தான். இயேசுவும் பன்னிரண்டு சீஷர்களும் தரையில் பந்தியாக உட்கார்ந்து வாழையிலையில் சாப்பிடுகிற படம்.

மலரை ஒருத்தரும் சீண்டவில்லை. என் மனைவி ஞானம்மாள் மாதர் சங்கச் செயலாளர். மலரை ஜனங்களிடம் சேர்ப்பது அவள் பொறுப்பு. முந்நூறு பிரதியும் மூன்று மாதமாக எங்கள் கட்டிலுக்கடியில் கிடந்தன. காலைத் தொங்கவிட்டால் நூற்றாண்டு இடிக்கும்.

ஒரு நாள் பெருக்கிக்கொண்டிருந்தவள் அட்டையை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"இன்னாங்க, பையை வச்சிக்கினு குந்தியிருக்காரே, இவரு மூக்கு உங்க மூக்கு மாதிரி இல்ல?"

என் மூக்கேதான். புருவத்துக்கு மேலே என் மச்சம்கூட இருந்தது.

"இது யாரு?"

"வேதத்துல பை யாருகிட்ட இருந்துச்சி? நீங்களே பாருங்க. எனக்கு இன்னா தெரியும்."

பை யூதாஸிடம் இருந்தது. காட்டிக்கொடுத்தானே, அதே யூதாஸ்.

இருபத்தாறு வருஷமாக ஆராதனையில் காணிக்கைப் பை பிடிக்கிறவன் நான். பக்கத்து வீட்டு சாம்ராஜுக்கு அந்தப் பைமேல் கண். நான் பையோடு அவனைத் தாண்டும்போதெல்லாம் இருமுவான். யூதாஸ் என்று எனக்குப் பெயர் விழுந்தால் பை அவன் கைக்குப் போகும். என் போட்டோவைக் கிளாட்வினுக்குக் கொடுத்ததும் அவனாகத்தான் இருக்கும்.

வீடு வீடாகப் போனேன்.

"மலர்ல பை வச்சிருக்கறது நான் இல்ல."

"எந்த மலரு?"

"அதைப் பார்க்காதே."

அன்று சாயங்காலமே பதினெட்டு பேர் மலர் கேட்டு எங்கள் வாசலில் நின்றார்கள்.

"சித்தூரோட நிறுத்திக்குங்க," என்றாள் ஞானம்மாள். "கங்காதர நெல்லூர்ல யாருக்கும் தெரியாது. அங்க போய்ச் சொல்லிக்கினு இருக்காதீங்க."

அவள் போகாதே என்றால் அங்கே ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். அடுத்த பஸ்ஸில் போனேன். அங்கே மாதர் சங்கத்துக் கேசியா பொறுமையாகக் கேட்டாள்.

"மூக்கு அவ்ளோ அச்சா வந்திருக்குதா, அண்ணே? எங்களுக்கு ஒரு நாப்பது அனுப்புங்க."

அடுத்து, "ரேணிகுண்டா மட்டும் வேணாம்," என்றாள் ஞானம்மாள். போனேன். ஸ்டேஷனில் முன்பின் தெரியாதவன் என்னைப் பார்த்து, தெலுங்கு மரியாதையாக, "யூதாஸ் காரு," என்று கும்பிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை போதகர் என்னை ஓரமாக அழைத்தார். பேச்சு அடங்குகிற வரைக்கும் சாம்ராஜ் பை பிடிக்கட்டும் என்றார். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக அன்றைக்குச் சாம்ராஜ் இருமவில்லை.

மறுநாள் திருப்பதிக்குப் போய்க் கிளாட்வினைப் பிடித்தேன்.

"யூதாஸா? அங்கிள், அது ஆயக்காரன் மத்தேயு. வரி வாங்கற பை அது. யூதாஸ் அந்தக் கோடியில முதுகைக் காட்டிக்கினு இருக்கறவரு. யாரும் கோவிச்சிக்கக் கூடாதுன்னு மூஞ்சியே போடல."

"என் போட்டோ யார் குடுத்தது?"

"ஆன்ட்டிதான். மத்தேயுவுக்கு ஒரு நல்ல முகம் வேணும்னு கேட்டேன்."

மத்தேயுவாகவே இருந்தாலும் மூக்கை அவ்வளவு பெரிதாகப் போட்டிருக்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்தேன். கட்டிலுக்கடியில் தரை தெரிந்தது.

"அது மத்தேயுவாமே?"

"ஆமா."

"அன்னைக்கே சொன்னா இன்னா?"

"சொல்லியிருந்தா நீங்க வீட்லயே குந்தியிருப்பீங்க. புக்கும் கட்டிலுக்கடியிலயே குந்தியிருக்கும்."

"என் பை போச்சு, ஞானம்மா. மன்னிப்பாவது கேளு."

"கேக்கறேன், இருங்க. இன்னும் இருநூறு அச்சடிச்சிக்கினு இருக்காங்க. புத்தூர் பக்கம் மட்டும் போய், அது நான் இல்லன்னு சொல்லிடாதீங்க."

மன்னிப்பு இன்னும் வரவில்லை. புத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்ததால் இவ்வளவும் எழுத முடிந்தது.