கரும்புக்காரர் துண்டு போட்ட இடம்

மூன்று தேசத்து ரயில் பயணிகளைத் தமிழிலேயே விரட்டியடித்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் பாகூர்க் கரும்புக்காரர். அவருக்கு வேறு பெயரும் இருந்தது. கொம்யூன் ஆபீஸ் பதிவேட்டுக்கு வெளியே அது புழங்கவில்லை.

எங்கள் பக்கத்தில் பிரெஞ்சுக்காரர் ஆட்சி நடந்த காலம். அவர் மகன் சுந்தரமும் வில்லியனூர்க்காரனான நானும் பாரிசில் ஒரே அறையில் தங்கிச் சட்டம் படித்தோம். படிப்பு முடிந்ததும் மகனைக் கையோடு அழைத்துப்போகக் கரும்புக்காரரே கப்பலேறி வந்துவிட்டார். ஊருக்குப் போகுமுன் வியன்னாவைச் சுற்றிப்பார்க்க வேண்டும் என்றான் சுந்தரம். பத்து நாள் போனோம். அவன் பார்க்க நினைத்த வியன்னா, பியானோ கற்றுத்தரும் ஒரு பெண் என்பது எனக்கே பத்தாம் நாள்தான் தெரிந்தது.

புறப்படும்போது ஸ்டேஷனில் அப்பாவின் காலில் விழுந்தான். "ஒரு சின்ன வேலை இருக்குப்பா. அடுத்த வண்டியில வந்து சூரிக்குல சேர்ந்துக்கறேன்." பிறகு என்னைத் தனியே இழுத்தான். "நான் ஊருக்கு வரல. வண்டி கெளம்பினதும் நீயே சொல்லிடு."

வண்டி கிளம்பியது.

சூரிக்கில் ஏறப்போகிறவனுக்கு வியன்னாவிலேயே ஜன்னலோரத்தில் துண்டு போட்டார் கரும்புக்காரர். மூன்றாம் வகுப்பில் அன்று நல்ல கூட்டம். கூடையோடு வந்த ஒரு பெருத்த அம்மாள் துண்டை எடுத்து, அழகாக மடித்து, அவர் கையிலேயே கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"இன்னாம்மா, ஆளு வருதுன்னு சொல்றேன், நீ பாட்டுக்கு குந்துற?"

அந்தம்மாளுக்கு என்ன புரிந்ததோ, அவருக்கு ஒரு துண்டு ரொட்டியைக் கொடுத்துவிட்டு எழுந்து போனாள்.

"ஐயா, சுந்தரம்..." என்று ஆரம்பித்தேன்.

"ரொட்டி துன்றியாபா?" என்றார்.

சூரிக்கில் இரண்டு வண்டிகளை விட்டோம். ஒவ்வொரு பெட்டியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே நடந்தார். "ஜெனீவாவுல வந்து ஏறுவான்" என்று அவரே முடிவு செய்தார். ஜெனீவாவுக்குப் பிறகு லியோன். வண்டி மாறிய இடத்திலெல்லாம் துண்டுதான் முதலில் ஏறியது. நான் வாயைத் திறந்தபோதெல்லாம் யாரோ ஒருவரோடு அவருக்குச் சண்டை வந்துவிடும். ஒருமுறை சண்டைக்கு ஆளே இல்லை. ஜன்னல் கதவைத் திட்டினார்.

லியோனும் போயிற்று. டிக்கெட் பரிசோதகர் வந்து, இந்த மூன்றாவது டிக்கெட் யாருடையது என்று கேட்டார். வழக்கமான பதிலுக்காக நான் கரும்புக்காரரைப் பார்த்தேன். அவர் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வெளியே நின்றிருந்த ஒரு சிப்பாயைக் கைகாட்டி அழைத்து அங்கே உட்காரவைத்தார்.

"ஐயா..."

"தெரியும்பா. எங்கால்ல வியுந்தான் பாரு, அப்பவே தெரியும். அடுத்த வண்டியில வர்றவன் இன்னாத்துக்குக் கால்ல வியணும்?"

"அப்புறம் ஏன் என்னைச் சொல்லவே விடல?"

"நீ சொல்லிட்டா அப்பால நான் இன்னா பண்றது?"

மார்சேய்த் துறைமுகம் வரும்வரை துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்துக்கொள்வது எனக்கும் வசதியாக இருந்தது. கப்பலில் அவர் ஒருநாளும் மேல்தளத்துக்கு வரவில்லை.

பாகூரில் அவர் வீட்டு வாசலில் வண்டி நின்றது. அவர் மனைவி எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு எங்களுக்குப் பின்னால் பார்த்தார்.

"புள்ள எங்க?"

"நான்தான் இன்னும் ரெண்டு வருசம் இருந்து படிச்சிட்டு வாடான்னு உட்டுட்டு வந்தேன்" என்றார் கரும்புக்காரர், கண் இமைக்காமல்.

அந்தம்மாள் என் பக்கம் திரும்பினார். நான் தரையைப் பார்த்தேன்.

"அவன இன்னாத்துக்குப் பாக்குற? மொதல்ல சோத்தப் போடு" என்றார் அவர். "பாவம், ஏதோ சொல்லணும் சொல்லணும்னு வழியெல்லாம் துன்னவே இல்ல அந்தப் புள்ள."

அன்று என் இலைக்குக் கரும்புக்காரரே குழம்பு ஊற்றினார். நான் போதும் என்று சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை.